ப்ரெசி என்று எழுதிய பெர்சி

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தன் பெயரை எழுதுகிறான். பி, இ, ஆர், சி, ஒய் என்று வரவேண்டும். அவன் எழுதியது பி, ஆர், இ, சி, ஒய். பெர்சி என்பது ப்ரெசி ஆகிவிட்டது. எதிரில் இருக்கும் டாக்டர் தப்பைக் காட்டுகிறார். பையனுக்குப் பிடிபடவில்லை. ஒருமுறைக்கு மேல் சொன்ன பிறகுதான் அது அவன் கண்ணில் படுகிறது.

அந்த டாக்டர் டபிள்யூ. பிரிங்கிள் மோர்கன். இங்கிலாந்தின் தெற்குக் கரையில், சசெக்ஸ் பகுதியில் இருக்கும் சீஃபோர்டு என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்தவர். இந்தப் பையனைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1896 நவம்பர் 7 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பக்கம் தேறினால் அதிகம். 'பிறவிச் சொற்குருடு' என்று தலைப்பில் பெயர் வைத்திருந்தார். மற்றதில் எல்லாம் சுட்டியாக இருக்கும் குழந்தைக்கு வாசிப்பு மட்டும் வராமல் போவதைப் பற்றி மருத்துவ இதழில் தனியாக எழுதப்பட்ட முதல் குறிப்பு என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் சிறப்பாசிரியர் வேலை பார்ப்பவள். கற்றல் குறைபாடு என்றால் என்ன, எத்தனை வகை, எது எதைப் பாதிக்கும் என்று பெற்றோர் கேட்டால் பட்டியல் போட்டுக் கொடுப்பது சுலபம். பட்டியலை வாங்கிக்கொண்டு போய், தங்கள் குழந்தைக்கு அதில் எல்லாமே இருப்பதாக மறுநாள் போன் செய்வார்கள். அதனால் இப்போதெல்லாம் ஒரு குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். பெர்சி அதற்குத் தோதானவன். காரணம், மோர்கன் அவனுடைய தப்புகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே குறித்து வைத்தார். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகவில்லை. அதனால் 125 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் அந்தத் தப்புகளை எடுத்து வைத்து நாம் வாசிக்க முடிகிறது.

பையன்

குறிப்பில் இருப்பது இவ்வளவு. பெர்சி எஃப்., வயது 14, நல்ல வளர்த்தி. ஏழு பிள்ளைகளில் இரண்டாவது, ஆண்பிள்ளைகளில் மூத்தவன். பெற்றோர் படித்த, விவரமானவர்கள். பையனும் சூட்டிகையானவன், விளையாட்டில் வேகம், அவன் வயதுப் பிள்ளைகளுக்கு எதிலும் இளைத்தவன் இல்லை. ஏழு வயது முதல் பள்ளியிலோ தனி ஆசிரியரிடமோ படித்துவருகிறான். அவனை வாசிக்கவைக்க எல்லா முயற்சியும் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் ஓரசைச் சொற்களைக்கூட எழுத்துக்கூட்டித்தான், அதுவும் திணறித்தான் வாசிக்கிறான். கண்பார்வையில் கோளாறு இல்லை. எழுத்துகளை அடையாளம் காண்கிறான், எழுதவும் செய்கிறான். ஆனால் அந்த எழுத்துகளைக் கற்பிப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது, இவனுக்கு வரவே வராது என்று நினைத்தோம் என்கிறார் அப்பா.

இந்த விவரங்களை மேலோட்டமாகப் படித்தால் குடும்பக் கதை போலிருக்கும். நிதானமாகப் பார்த்தால் மோர்கன் ஒவ்வொரு சந்தேகமாக அடைத்துக்கொண்டே வருவது தெரியும். பார்வைக் குறைவா? இல்லை. அறிவுத்திறன் குறைவா? இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லையா? ஏழு வருடமாக ஆள் இருக்கிறார்கள். தெரியாத மொழியா? தாய்மொழி. இத்தனையும் போன பிறகு மிச்சம் நிற்பதைத்தான் இன்றும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது: சிரமம் குறைந்தது ஆறு மாதம் உதவி கொடுத்தும் தீராமல் இருக்கவேண்டும், பார்வை, செவி, அறிவுத்திறன், கற்பித்த மொழி, கற்பித்தலின் தரம் ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கக்கூடாது.

நம் ஊரில் இந்தக் கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருந்த பிள்ளைகள் பலர் எழுத்துக்கூட்டவே கற்காமல் மேல் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களுக்குக் குறைபாடு இல்லை, பாடம் நடக்கவில்லை. அதேபோல வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சே கேட்காத குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் விட்டு, ஆங்கிலம் வாசிக்கவில்லை என்று அழைத்து வருவார்கள். தமிழில் வாசிக்கச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள். முதல் சோதனை வீட்டுமொழியில்தான். இரண்டிலும் திணறினால் அப்புறம் மேலே பேசலாம்.

சொல்வதெழுதுதல்

மோர்கன் இரண்டு வாக்கியங்களைச் சொல்லி எழுதச் சொன்னார். முதலாவது, 'நான் சுற்றிவிடுகிறேன், பார்த்துக்கொண்டிரு' என்ற பொருளில் வருவது. இரண்டாவது, 'கயிற்றைக் கவனமாக ஆணியைச் சுற்றிச் சுற்றி' என்பது போன்ற ஒன்று. பம்பரம் விடுவதைப் பற்றிய வாக்கியங்கள் மாதிரிதான் தெரிகிறது. விளையாட்டில் கெட்டியான பையன், சாட்டையைச் சுற்றச் சொல்லியிருந்தால் டாக்டரைவிட நன்றாகச் சுற்றியிருப்பான். எழுதச் சொன்னதால் மாட்டிக்கொண்டான்.

முதல் வாக்கியத்தில் 'வாட்ச்' என்ற சொல் 'வேர்ட்' ஆனது. 'வைல்' என்பது 'வேல்' ஆனது. இரண்டாவதில் சேதம் அதிகம். 'கேர்ஃபுல்லி' என்பது 'கல்ஃபுலி'. 'வைண்டிங்' என்பது 'வைண்டர்'. 'ஸ்ட்ரிங்' என்பது 'ஸ்டர்ங்'. 'ரவுண்ட்' என்பதில் யு எழுத்து விழுந்து 'ரோண்ட்'. 'பெக்' என்பது 'பேக்'. அப்புறம் தனிச் சொற்கள்: 'சாங்' என்பதை 'ஸ்கோன்' என்றும், 'சப்ஜெக்ட்' என்பதை 'ஸ்கோஜாக்' என்றும், 'வித்தவுட்' என்பதை 'விச்சவுட்' என்றும், 'ஷில்லிங்' என்பதை 'செனிங்' என்றும் எழுதினான். 'இங்கிலிஷ்' கடைசி எழுத்தை இழந்து 'இங்கிலிஸ்' ஆயிற்று. கடலோர ஊர் டாக்டர் 'சீஷோர்' என்று கடற்கரையையும் கேட்டுப் பார்த்தார். 'சீசோ' என்று வந்தது.

வகுப்பில் இந்தத் தாள் கிடைத்திருந்தால் நம்மில் பலர் பூஜ்யம் போட்டு, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதிவரச் சொல்லியிருப்போம். வேலைக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். பையன் பத்து முறையும் ஒரே தப்பை எழுதிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் பார்த்தால் வேறொரு தப்பு.

தாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, முதல் எழுத்து எங்குமே தப்பவில்லை. மோர்கன் காட்டிய தப்புகள் எல்லாவற்றிலும் சொல்லின் முதல் எழுத்து சரி. பல சொற்களில் கடைசி எழுத்தும் சரி. இடிந்து விழுவது நடுப்பகுதி. சொல்லின் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியவனுக்கு அங்கே வெளிச்சம் இல்லை.

இரண்டு, ஆர் என்ற எழுத்து படும் பாடு. 'கேர்ஃபுல்லி'யில் அது காணோம். 'சீஷோர்' சொல்லிலும் காணோம். 'ஸ்ட்ரிங்'கில் ஓரிடம் தள்ளிப் போயிருக்கிறது. பெர்சியில் ஓரிடம் முன்னால் வந்திருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் படித்தவர்கள் பேச்சில், உயிரொலிக்குப் பின்னால் வரும் ரகரத்தை, அதை அடுத்து இன்னோர் உயிரொலி வந்தாலொழிய, நாக்கு உச்சரிப்பதில்லை. 'சீஷோ' என்றுதான் காதில் விழும், 'பெஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியென்றால் 'சீசோ' என்று எழுதிய கை, ஆர் விஷயத்திலாவது, காதுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. காதில் விழாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் பதித்துத்தான் எழுதமுடியும். அந்தப் பதிவுதான் இவனுக்கு விழவில்லை. பெயருக்குள் ஓர் ஆர் உண்டு என்பது நினைவில் இருக்கிறது. எங்கே என்பது இல்லை.

மூன்று, இதில் கண்ணாடி எழுத்து ஒன்றுகூட இல்லை. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்றாலே b எழுத்தை d என்று திருப்பி எழுதுவது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1925-இல் எழுத்துகள் திரும்பித் தெரிவதை மையமாக வைத்து ஒரு விளக்கம் சொன்னார். அது மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயதுவரை நிறையக் குழந்தைகள் செய்வதுதான். அது இல்லாததால் டிஸ்லெக்சியா இல்லை என்றும், இருப்பதால் உண்டு என்றும் முடிவுகட்ட முடியாது. பெர்சியே சாட்சி.

சரி, காதை வைத்துத்தான் எழுதினான் என்றால் 'ஸ்கோஜாக்'கும் 'செனிங்'கும் எங்கிருந்து வந்தன? அங்கே காதும் கைவிட்டிருக்கிறது. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, வரிசை மாறாமல் பிடித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் போடுவதில் தடுமாற்றம். 1970-களிலிருந்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் கைகாட்டுவது இந்தத் திசையில்தான்: டிஸ்லெக்சியாவின் வேர் பலருக்குக் கண்ணில் இல்லை, பேச்சொலியைத் துண்டு துண்டாகக் கையாள்வதில் இருக்கிறது. ஒலி பிரியாதபோது எழுத்து எதோடும் ஒட்டாது. ஒட்டாத சொல்லை நூறு முறை பார்த்தாலும் அது புதுச் சொல்தான்.

இதற்கு மோர்கன் தரும் சான்று என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். தன் அப்பாவின் வீட்டுப் பெயரைப் பையனால் எழுதமுடியவில்லை. அங்கெல்லாம் வீட்டுக்குப் பெயர் வைத்து அதையே முகவரியாக எழுதுவார்கள். எத்தனையோ தடவை பார்த்திருப்பான், எழுதியும் இருப்பான். வரவில்லை. சற்றுமுன் தானே எழுதிய வாக்கியங்களையும் வாசிக்கமுடியவில்லை. எளிய குழந்தைப் புத்தகம் ஒன்றில் ஒரு வாக்கியத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கச் சொன்னபோது 'அண்ட்', 'தி', 'ஆஃப்', 'தட்' போன்றவை தவிர எதுவும் பிடிபடவில்லை.

கணக்குத் தாள்

அடுத்து எண்கள். பெரிய எண்களைத் தடையில்லாமல் வாசித்தான். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கொண்ட இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கும் இயற்கணிதக் கணக்கைச் சரியாகப் போட்டான். 749-ஐ 867-ஆல் வேகமாகவும் சரியாகவும் பெருக்கினான். விடை 6,49,383, நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தே சரிபார்க்க வேண்டியிருந்தது. கணக்கு பிடிக்கும், அதில் சிரமமில்லை, எழுதிய சொற்கள்தான் தனக்கு எந்த அர்த்தமும் தருவதில்லை என்று பையனே சொல்லியிருக்கிறான்.

ஆனால் 4-ஐ அரையால் பெருக்கச் சொன்னபோது முடியவில்லை.

மோர்கன் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அந்தக் குறிப்பிலேயே எனக்கு ஆகப்பெரிய ஏமாற்றம் இதுதான். 749 பெருக்கல் 867 என்பது படிப்படியாக இறங்கும் முறைக் கணக்கு. வாய்ப்பாடு தெரிந்து, கைமாற்று எண்ணை மறக்காமல் இருந்தால் போதும். நாலு அரை எவ்வளவு என்பதற்கு அரை என்றால் என்ன என்ற பிடிப்பு வேண்டும். அவனுக்குப் பின்னம் தெரியவில்லையா, மேலொன்று கீழொன்றாக எழுதும் அந்தக் குறியீடு புரியவில்லையா? நாலு பேருக்கு ஆளுக்கு அரை அப்பம் என்று வாயால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா? கேட்டிருக்கலாம்.

கணக்குக் குறைபாடு, அதாவது டிஸ்கால்குலியா, எதில் தட்டும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்குகளும் நல்ல ஜோடி. அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு எண் என்பது அளவாக மனதில் விழுவதில்லை. ஆறாம் வகுப்பிலும் எட்டும் ஐந்தும் கூட்ட விரல் வேண்டும். மேசையில் நாலு பொத்தான் கிடந்தால் பார்த்த மாத்திரத்தில் நாலு என்று சொல்ல வராமல் ஒவ்வொன்றாக எண்ணும். 0.25 பெரிதா 0.5 பெரிதா என்றால் 25 பெரிதுதானே என்று கேட்கும். வாய்ப்பாடு ஒப்பிக்கும், ஏழாறு எத்தனை என்று நடுவில் கேட்டால் ஓராறிலிருந்து ஆரம்பிக்கும். கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வரும். பெர்சிக்கு இதெல்லாம் இருந்ததற்கு அடையாளம் இல்லை. ஒரு பின்னத்தில் சறுக்கியதை வைத்து அவனுக்கு டிஸ்கால்குலியா என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

மூன்றாவது வகை எழுத்துக் குறைபாடு, டிஸ்கிராஃபியா. இதில் இரண்டு விஷயங்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. ஒன்று கை சார்ந்தது: எழுத்து கோடு தாண்டும், பேனாவை நெரித்துப் பிடிக்கும், பத்து நிமிடத்தில் கை வலிக்கும், வாயால் அருமையாகச் சொல்லும் பிள்ளை தாளில் இரண்டு வரி எழுதும். மற்றொன்று மொழி சார்ந்தது: எழுத்துப்பிழை, வாக்கியம் முடியாமல் தொங்குவது, நிறுத்தக்குறியே இல்லாமல் ஓடுவது. பெர்சி எழுத்துகளை வடிவாக எழுதத் தெரிந்தவன். ஆகவே முதலாவது இல்லை. இரண்டாவது தாராளமாக உண்டு. வாசிப்புச் சிக்கலும் எழுத்துப்பிழையும் இப்படிச் சேர்ந்தே வருவதுதான் வழக்கம். கவனக்குறைவுக் கோளாறும் பலருக்குக் கூடவே இருக்கும். அது தனிக் கணக்கு, கற்றல் குறைபாட்டின் வகை இல்லை.

மோர்கன் எங்கே நின்றுவிட்டார்

மோர்கனுக்குத் தூண்டுதல் கிளாஸ்கோ கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட் 1895 டிசம்பரில் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை. அதில் வரும் நோயாளி பெரியவர், மொழியாசிரியர். ஒருநாள் திடீரென்று வாசிக்கும் திறனை இழந்தவர். மூளையில் அடிபட்டு வாசிப்பை இழக்கும் பெரியவர்களுக்கு அந்தக் காலத்தில் ஏற்கெனவே பெயர்கள் இருந்தன. ஜெர்மானிய மருத்துவர் குஸ்மௌல் 1877-இல் 'சொற்குருடு' என்றார். ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887-இல் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் டெஜரின் 1891-இல், அடிபட்ட இடம் என்று இடப்பக்க மூளையின் கோணமடிப்பு என்ற பகுதியைக் காட்டினார்.

மோர்கன் ஒரு பெரிய தாவல் தாவினார். இருந்ததை இழந்த பெரியவர்களைப் பற்றிய பேச்சை, இன்னும் பெறவே இல்லாத குழந்தையிடம் கொண்டுவந்தார். அதே இடப்பக்கப் பகுதி பெர்சிக்குச் சரியாக வளராமல் இருக்கலாம் என்று ஊகித்தார். வெறும் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு சொன்ன ஊகம். பின்னாளில் மூளைப் படம் எடுக்கும் வசதி வந்தபோது, வாசிப்பில் வேலைசெய்யும் இடப்பக்கப் பின்பகுதிகள் இவர்களிடம் குறைவாகச் செயல்படுவதைப் பார்த்தார்கள். ஆள் கிட்டத்தட்டச் சரியான தெருவுக்குத்தான் போயிருக்கிறார், வீட்டு எண்தான் கொஞ்சம் முன்பின்.

தப்பு பெயரில் நேர்ந்தது. குருடு என்ற சொல் வந்ததும் விஷயம் கண் மருத்துவர் கைக்குப் போயிற்று. இன்றும் பெற்றோர் முதலில் ஓடுவது கண்ணாடிக் கடைக்குத்தான். பார்வையைச் சோதிக்க வேண்டியதுதான், தப்பில்லை. பார்வை சரி என்று தெரிந்த பிறகும் வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று வருடத்தைச் செலவழிக்கிறார்களே, அதுதான் வருத்தம்.

'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கிர்க். 1963-இல் சிகாகோவில் பெற்றோர் கூடிய மாநாட்டில் அவர் அதை முன்வைத்தார். இங்கிலாந்துச் சட்டம் ஒன்றில் டிஸ்லெக்சியா என்ற சொல் 1970-இல் வந்தது. பெர்சியின் குறிப்புக்கு 74 ஆண்டு கழித்து. இந்தியாவின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016-இல் வந்த உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோது உள்ளே வந்தது. கணக்குப் பார்த்தால் 120 ஆண்டு.

பெர்சி தமிழில் படித்திருந்தால்

இந்தக் கேள்வியைப் பயிற்சி வகுப்புகளில் கேட்பேன். பாதிப் பேர் தமிழில் இந்தப் பிரச்சினையே வராது, எழுதியபடி வாசிக்கும் மொழி என்பார்கள். பாதி உண்மை. 2001-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாட்டு டிஸ்லெக்சியாக்காரர்களை ஒப்பிட்டது. மூளையில் தெரிந்த வித்தியாசம் மூவருக்கும் ஒன்றே. ஆனால் எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்தும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள். குறைபாடு எழுத்துமுறைக்கு ஏற்ப வேறு வேஷம் போடுகிறது. ஒழுங்கான எழுத்துமுறையில் தப்பு குறையும், வேகம் அடிபடும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியை எழுத்து எழுத்தாகச் சரியாகவே வாசித்து முடிக்கும் பிள்ளை, முடித்ததும் முதல் வரியில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கும். ஆசிரியர் 'மெதுவாகப் படிப்பான், ஆனால் தப்பில்லாமல் படிப்பான்' என்று பாராட்டிவிட்டு விட்டுவிடுவார்.

எழுதும்போது வேஷம் கலையும். 'பட்டம்' என்பது 'படம்' ஆகும். 'அப்பா' 'அபா' ஆவார். குறில் நெடில் புரளும்: தொடு தோடாகும், கல் காலாகும். ண-ன, ல-ள-ழ, ர-ற தப்புகளை வைத்து மட்டும் யாரும் பயந்துவிட வேண்டாம். அது ஊரே செய்யும் தப்பு, பல இடங்களில் பேச்சிலேயே வித்தியாசம் இல்லை. ஆனால் பேச்சில் தெளிவாகக் கேட்கும் ஒற்றும் நெடிலும் நாலாம் ஐந்தாம் வகுப்பிலும் விழுந்துகொண்டே இருந்தால், அந்த நோட்டைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

நம் எழுத்துக்கு என்றே சில சங்கடங்களும் உண்டு. 'கொ' என்பதில் காதில் முதலில் விழுவது க். கையில் முதலில் எழுதுவது ஒற்றைக்கொம்பு. ஒரே உயிரொலிக்கு ககரத்தின் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். வரிசையில் ஏற்கெனவே தடுமாறும் குழந்தைக்கு இது கூடுதல் சுமை. ககரம் ஒன்றுதான், ஆனால் கதவில் ஓர் ஒலி, தங்கத்தில் ஓர் ஒலி, பகலில் ஓர் ஒலி. எழுத்துகளின் எண்ணிக்கை வேறு 247. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு, அட்சரங்களை, அதாவது நம் உயிர்மெய் போன்ற எழுத்துகளை, முழுதாகக் கைவசமாக்க ஆங்கில எழுத்துகளைவிடப் பல ஆண்டு கூடுதலாகப் பிடிக்கிறது என்று காட்டுகிறது. அதனால் இரண்டாம் வகுப்பில் பின்தங்கியதை வைத்து அவசரப்படவும் கூடாது. ஏழாம் வகுப்புவரை 'தானாக வந்துவிடும்' என்று உட்காரவும் கூடாது.

அவன் மேல் என்ன படிந்தது

மோர்கன் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மருத்துவக் குறிப்பு, அந்தக் காலம். தம்பி தங்கைகள் ஒவ்வொருவராக இவனைத் தாண்டி வாசிக்க ஆரம்பிப்பதை இவன் பார்த்திருப்பான்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது இது. உரக்க வாசிக்கும் நாளில் வயிற்றுவலி. தன் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்கப் போவது. முன்னால் வாசித்தவனிடமிருந்து பாடத்தை மனப்பாடம் செய்து, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பது. பக்கத்தைத் திருப்ப மறந்தால்தான் குட்டு உடையும். வகுப்பில் கோமாளி வேஷம், ஏனென்றால் மக்கு என்பதைவிட வாலு என்ற பெயர் தேவலாம். படிப்பு சம்பந்தப்பட்ட விளைவு இன்னொரு பக்கம் வளரும்: குறைவாக வாசிப்பதால் சொல்வளம் குறையும், சொல்வளம் குறைவதால் அடுத்த வகுப்புப் புத்தகம் இன்னும் கடினமாகும். எட்டாம் வகுப்பில் அறிவியலில் தோற்பவன் அறிவியலில் தோற்பதில்லை, கேள்வியை வாசிப்பதில் தோற்கிறான்.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். பெர்சிக்கு விவரமான பெற்றோர், தனி ஆசிரியர்கள், அக்கறையோடு உட்கார்ந்து சோதித்த ஒரு டாக்டர். அதே 1896-இல் பண்ணையாளின் மகனுக்கு இதே சிரமம் இருந்திருந்தால் மட்டி என்று ஒரு சொல்லில் முடித்து வயலுக்கு அனுப்பியிருப்பார்கள். இன்றும் பெருநகரத்தில் ஆங்கிலவழியில் படிக்கும் குழந்தைக்கு மதிப்பீடு நடக்கிறது. ஒன்றியப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குப் 'படிப்பு ஏறலை' என்று பெயர். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைக் கற்றல் குறைபாடு இருக்கும் என்கிறது முன்சொன்ன 2013 கையேடு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர். எந்த ஒன்றியத்திலும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இன்று வந்திருந்தால்

பெர்சியின் பள்ளி ஆசிரியர் சொன்ன ஒரு கருத்தை மோர்கன் பதிந்திருக்கிறார்: பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் இந்தப் பள்ளியிலேயே கெட்டிக்காரப் பையன் இவன்தான். நோயறிதலில் பாதியை அந்த ஆசிரியர் முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். சிகிச்சையில் பாதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பாடமும் தேர்வும் தாளிலேயே தொடர்ந்தன.

இன்று பெர்சியை என்னிடம் அழைத்துவந்தால் இரண்டு தடத்தில் வேலை. ஒன்று, அவன் மூளையைப் பாடத்திலிருந்து பின்தங்க விடாமல் வைத்திருப்பது. வரலாறு, அறிவியல் எல்லாம் கேட்டுப் படிக்கட்டும். போனே தமிழையும் ஆங்கிலத்தையும் உரக்க வாசித்துக் காட்டுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் சான்றிதழ் இருந்தால் கிடைக்கும். எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் என்றது 2018 வழிகாட்டுதல். 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாதிப்பு இருந்தால்தான் சட்டப்படியான சில பலன்கள். சான்றிதழுக்காகக் காத்திருக்கலாம், சொல்லிக்கொடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. மொழிப்பாட விலக்கை மட்டும் கடைசியில் பேசலாம் என்பது என் கட்சி. சில பள்ளிகள் சேர்ந்த முதல் மாதமே தமிழை எடுத்துவிடச் சொல்கின்றன. வீட்டில் பேசும் மொழியில் கடைசிவரை வாசிக்கத் தெரியாமல் போவது சலுகையா என்ன?

இரண்டாவது தடம், வாசிப்பையே நேராகக் கற்றுக்கொடுப்பது. ஆர்ட்டனோடு வேலை செய்த அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரண்டு பேர் 1930-களில் வகுத்த வழியின் பேரன் பேத்திகள்தான் இன்றைய முறைகள் பலவும். ஒலியை வாயால் சொல்லி, காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, கையால் எழுதி, ஒரு நேரத்தில் ஒரு ஒலி. அது நின்ற பிறகு அடுத்தது. தினமும் அரை மணி. மாதக்கணக்கில் போகும், வருடமும் ஆகும். குறைபாடு மறைந்துவிடாது, வேகம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கலாம். ஆனால் வாசிப்பான். பதினான்கு வயது தாமதம்தான், ஏழில் வந்திருந்தால் பாதி உழைப்பில் முடிந்திருக்கும்.

வீட்டுப் பெயரையோ ஷில்லிங்கையோ முதலில் எடுக்கமாட்டேன். ஐந்து அட்டைகளில் பி, இ, ஆர், சி, ஒய் என்று எழுதி மேசையில் கலைத்துப் போடுவேன். பெயரைச் சொல்லச் சொல்வேன். எத்தனை ஒலி கேட்கிறது என்று விரலால் தட்டச் சொல்வேன். நான்குதான் கேட்கும், அட்டை ஐந்து இருக்கும். இயும் ஆரும் சேர்ந்து ஒரே ஒலிக்கு நிற்பதைக் காட்டி, அந்த இரண்டு அட்டையையும் செல்லோடேப் போட்டு ஒட்டுவேன். அப்புறம் மறுபடி கலைத்துப் போட்டு, இப்போது அடுக்கு என்பேன்.